இரண்டு சுத்தியல்

பனி கரைந்து, வீட்டுக்கு வெளியே நின்று வேலை செய்யக்கூடிய முதல் சனிக்கிழமை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் மருமகன் தன்னுடைய பழைய கொறோலாவை ஜக்கில் ஏற்றி, முன் சில்லைக் கழற்றி வைத்திருந்தார். தகரக் குப்பி ஒன்றிலிருந்து உள்ளே எதையோ பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார்.

"துரு இளக்கிற ஸ்பிறே, மாமா. நேற்று இரவே ஒருக்கா அடிச்சு விட்டனான். இன்னும் அசையுதில்லை."

கிட்டப் போய்க் குனிந்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெயும் ஊறிய துருவும் பழைய கிறீஸும் கலந்த மணம். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருடங்களில் எத்தனையோ கராஜ்களுக்குப் போயிருக்கிறேன். அங்கெல்லாம் வராத மணம் அன்றைக்கு வீட்டு வாசலில் வந்தது. பருத்தித்துறையில் பெரியப்பாவின் கிடுகுக் கொட்டிலும், பனங்குற்றிகளின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற மொறிஸ் மைனரும், அதன் கீழே சாக்கு விரித்துப் படுத்திருக்கும் பெரியப்பாவின் இரண்டு காலும் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றன.

மருமகன் கழற்ற முயன்றது ரை றொட் என்ட். ஸ்ரியறிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பியின் முனையில் இருக்கிற உருண்டை மூட்டு அது. மூட்டிலிருந்து நீளும் தண்டு நுனிப்பக்கம் ஒடுங்கி இருக்கும். சில்லைத் திருப்பும் இரும்புக் கையில் அதே ஒடுக்கத்துடன் ஒரு கண் துளைத்திருப்பார்கள். தண்டு அந்தக் கண்ணுக்குள் இறங்கி, மறுபக்கம் நட்டுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். நட்டைக் கழற்றினாலும் தண்டு வெளியே வராது. வருடக்கணக்காக ஓடிய பாரம் அதை இன்னும் இன்னும் உள்ளே இறுக்கி வைத்திருக்கும். அதற்கு மேல் உப்புத் துரு பிடித்தால் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் அந்த உப்பு பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு. எங்கள் ஊரில் அது கடல்காற்றோடு வந்தது. வடக்கே வாசல் வைத்த கொட்டிலில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பம்பரில் விரலால் பெயர் எழுதலாம்.

பெரியப்பா இரத்மலானை ரயில்வே வேர்க்சொப்பில் பிற்றராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். கொழும்பில் இருக்கும்போதே கைமாற்றாக வாங்கின கார் அது. பென்சன் எடுத்து வரும்போது யாழ்தேவி ரயிலில் பெரியம்மாவையும் சாமான்களையும் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் மட்டும் காரை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாராம். மொறிஸ் மைனர் என்றால் அவருக்கு ஒரு தனி மரியாதை. 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைத்த கார். அலெக் இசிகோனிஸ் என்கிற மனிதரின் மூளையில் பிறந்தது. வடிவம் திருப்தி தராமல் மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து அகலத்தை முடிவு செய்தார்கள். பிரித்தானியாவில் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுதான். இதையெல்லாம் சிறுவயதில் நான் கதை கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறேன். அதே இசிகோனிஸ்தான் பிறகு 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தவர். ஆனால் மினியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியப்பா கையை விரித்துவிடுவார். மைனரின் ஸ்ரியறிங் பல்லுச் சட்டமும் பல்லுச் சக்கரமும் நேரே கவ்வுகிற வகை. அந்தக் காலத்துப் பல கார்களில் ஸ்ரியறிங் வட்டைத் திருப்பினால் சில்லு யோசித்துத்தான் திரும்பும். இது கை சொன்னதை உடனே கேட்கும்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. கார்ப் பாகங்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பணக்காரர் வீட்டுப் புதுக் கார்கள் கொட்டில்களில் தூசு படிந்து கிடக்க, ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி, கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள்தான் வீதிக்கு வந்தன. மண்ணெண்ணெயில் ஓடக்கூடிய பொறுமை அவற்றின் எஞ்சின்களுக்குத்தான் இருந்தது. கொஞ்சப் பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்து, காபரேட்டருக்குள் அளந்து விட்டு, முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றி எழுப்புவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். புகை கண்ணைக் கரிக்கும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கிவிடும். ஒயில் மட்டம் குறைவதைப் பார்த்துப் பயந்த மனிதர்கள், அது கூடுவதைப் பார்த்துப் பயப்படப் பழகிய காலம் அது.

எங்கள் பகுதியில் இரவில் ஒருவருக்கு வருத்தம் என்றால் கூப்பிடுகிற கார்களில் பெரியப்பாவின் கார் ஒன்று. மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிரசவம், பாம்புக் கடி, ஷெல் காயம். ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டால் லைற்றை நிறுத்தி, மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு இறங்கி ஓட வேண்டும். பகலில் கூரையில் தென்னோலை போட்டு மறைத்துக்கொண்டுதான் ஓடுவார். அப்படிப்பட்ட காரின் முன் இடது சில்லில் ஒருநாள் ஆட்டம் தெரிந்தது.

சில்லை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆட்டினேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. "இது கழண்டா ஒரு சில்லு ஒரு பக்கம் போகும், மற்றது மற்றப் பக்கம் போகும்" என்றார். அன்றிலிருந்து கார் ஓடவில்லை. கேட்டு வந்தவர்களை வேறு காருக்கு அனுப்பினார். எவ்வளவு கெஞ்சியும் அந்த ஆட்டத்தோடு கேற்றைத் தாண்டக் காரை எடுக்கவில்லை. ஊரில் சிலருக்கு மனவருத்தம்தான். அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

புது மூட்டு எங்கும் இல்லை. யாழ்ப்பாணம் ரவுனிலும் இல்லை, பழைய இரும்புக் கடைகளிலும் இல்லை. ஆகவே கழற்ற வேண்டும். ஆனால் உடைக்கக் கூடாது. கழற்றியதைத் திருத்தி அதையேதான் திரும்பப் போட வேண்டும். தண்டின் மரை ஒரு சொட்டு நசிந்தாலும் வேலை முடிந்தது. ஊறப்போட்டும் அடித்தும் வெட்டியும் எப்படியாவது வெளியே எடுத்தால் போதும் என்கிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை. அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறமை முழுக்க இந்த ஒரு நெருக்கடியில்தான் கூர்மையானது என்பது என் எண்ணம். அவர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

முதலில் துப்புரவாக்கல். கம்பித் தூரிகையால் மண்ணையும் கட்டிக் கிறீஸையும் சுரண்டி, மரை பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு விட வேண்டும். காலையில் ஒருமுறை, மத்தியானம், பிறகு படுக்கப் போகும் முன். அது என் வேலை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் நிலத்தில் விழக் கூடாது. விளக்குக்கும் அதுதான், காருக்கும் அதுதான். படிக்கிற மேசையில் ஜாம் போத்தல் விளக்கு எரிய வேண்டிய எண்ணெயை இரும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறோமே என்று பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே அளந்து தருவா.

நட்டு அசைந்தது. அதை முழுக்கக் கழற்றாமல் நாலைந்து மரையில் விட்டு வைத்தார். தண்டு திடீரென்று விடுபட்டால் மூட்டு முகத்தில் அடிக்காமல் நட்டுத் தாங்கிக்கொள்ளும், மரையும் காயப்படாது. நெல்லியடியில் ஒரு கராஜில், இறுகிய மூட்டை இழுத்து எடுக்கிற பல்லர் இருந்தது. நான் சைக்கிளில் போய் இரவல் வாங்கி வந்தேன். அந்த நாட்களில் அப்படியான ஆயுதங்கள் ஊருக்கே பொது. யார் வீட்டில் இப்போது இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போய் எடுக்க வேண்டும். வாங்கினவர் துடைத்து எண்ணெய் பூசித்தான் திருப்பிக் கொடுப்பார். பிந்திக் கொடுக்கலாம், அழுக்காகக் கொடுக்கிற வழக்கம் இல்லை.

பல்லரைப் பொருத்தி இறுக்கினார். இறுக்கி விட்டு எழும்பிப் போய்விட்டார்! நான் ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்தேன்.

"பொறு மோனை. அடிக்காதை. அது யோசிக்கட்டும். வா, தேத்தண்ணி குடிப்பம்."

விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தோம். சீனி ஆனை விலை விற்ற காலம். பனங்கட்டியைக் குட்டானிலிருந்து உடைத்துக் கடித்துக்கொண்டுதான் வெறுந்தேத்தண்ணி. பெரியப்பா இரத்மலானைக் கதை சொல்லுவார். நீராவி எஞ்சின்களின் பெரிய சில்லுகளை அச்சிலிருந்து எடுக்கும்போது வெள்ளைக்கார போர்மன் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பாராம். அவசரப்படுகிற பெடியளைத் தள்ளி நிற்கச் சொல்லுவாராம். இரும்பு இரும்பைப் பிடித்திருந்தால் பலத்தால் விடாது, நேரத்தாலும் அதிர்ச்சியாலும்தான் விடும் என்பது அங்கே படித்ததாம்.

திரும்பி வந்து இரண்டு சுத்தியல் எடுத்தார். ஒன்று பெரிது, பாரமானது. அதை அந்தக் கண்ணின் ஒரு பக்கத்தில் இறுக அணைத்துப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். மற்றச் சுத்தியலால் எதிர்ப்பக்கத்தில் அவர் அடித்தார். தண்டில் இல்லை, நட்டில் இல்லை, கண்ணின் பக்கவாட்டில். பலர் நினைப்பது போல அடியின் பலம் மூட்டை வெளியே தள்ளுவதில்லை. இரண்டு இரும்புக்கு நடுவில் அந்த வட்டக் கண் ஒரு கணம் முட்டை வடிவாக நசிந்து, உடனே பழையபடி வட்டமாகிறது. அந்த ஒரு கணத்தில்தான் தண்டு பிடி விடுகிறது. அதனால் அடி நேராக விழ வேண்டும். எதிரில் பிடித்தவர் கை தளரக் கூடாது. தளர்ந்தால் அடியை எல்லாம் கார் குலுங்கிக் குடித்துவிடும்.

அடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி. என் தோள் மூட்டு வரை அதிர்ந்தது. பிறகு ஒரு அடியில் சத்தம் மாறியது. அதுவரை கணீரென்று வந்த சத்தம் திடீரென்று 'டொக்' என்றது. பல்லர் தளர்ந்து தொங்கியது. பெரியப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "விட்டுட்டுது" என்றார். அவ்வளவுதான். அந்தச் சத்த மாற்றத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன்.

கவட்டு ஆப்பை இடையில் வைத்து அடித்திருந்தால் முதலே வந்திருக்கும். ஆனால் மூட்டின் றப்பர்த் தொப்பி கிழிந்துவிடும். றப்பருக்கு எங்கே போவது?

கண்ணிலிருந்து வந்த மூட்டு, கம்பியிலிருந்து வர மறுத்தது. அது மரையில் ஏறி, பின்னால் ஒரு லொக் நட்டால் பூட்டப்பட்டிருந்தது. அந்த நட்டும் கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டன. எண்ணெய் வேலை செய்யவில்லை. சூடு காட்ட வேண்டும். புளோ லாம்ப் இருந்தது. அதற்கு ஊற்றுமளவுக்கு எண்ணெய் மிச்சமில்லை. அப்போதுதான் பெரியப்பா பக்கத்து ஒழுங்கையில் நகை செய்யும் பத்தரைக் கூட்டி வரச் சொன்னார்.

பத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊதுகுழலும் ஒரு சட்டி சிரட்டைத் தணலுமாக வந்தார். பொன்னை உருக்கிய வாய் அது. மூட்டின் கிறீஸ் எரியாமல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டு, நட்டை ஒட்டித் தணலை வைத்து, ஒரு பக்கமும் கூடாமல் குறையாமல் சுற்றிச் சுற்றி ஊதினார். கன்னம் உப்பியபடியே மூக்கால் மூச்செடுத்து, காற்று அறுபடாமல் ஊதுகிற அந்த வித்தையைக் கிட்ட நின்று பார்த்தேன். நட்டு நிறம் மாறத் தொடங்கும்போது கையைக் காட்டினார். பெரியப்பா ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்து நட்டின் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகி, துருவின் வெடிப்புக்குள் தானாக இழுபட்டு மறைந்தது. சூட்டில் விரிந்த நட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எண்ணெய் போகாத இடத்துக்கெல்லாம் உருகிய மெழுகு போகும். ஸ்பனரைப் போட்டு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்தார். பிறகு கழற்றுகிற பக்கம். கிறீச்சென்று முனகிக்கொண்டு சுற்றியது.

"காசு என்ன தரவேணும்?" என்று கேட்டதற்குப் பத்தர் சொன்ன பதில், "போன மாதம் என்ரை மனுசியை மந்திகைக்குக் கொண்டு போனதுக்கு நீங்கள் காசு வாங்கினனீங்களோ?"

மூட்டைச் சுற்றிக் கழற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கொட்டில் சுவரில் நான் கரியால் ஒரு கோடு போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கை. கூடினாலும் குறைந்தாலும் முன் சில்லுகள் பார்க்க வேண்டிய திசை மாறிவிடும். ரயர் ஒரு பக்கமாகத் தேயும். ரயரும் கிடையாதே. மைனரின் முன் சில்லுகள் முன்பக்கத்தில் பின்பக்கத்தைவிட மூன்றின் கீழ் முப்பத்திரண்டு அங்குலம், அதாவது இரண்டரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக, உள்நோக்கி நெருங்கி இருக்க வேண்டும். அதை அளக்க இன்றைக்கு லேசர் இருக்கிறது. பெரியப்பாவிடம் ஒரு நேரான மூங்கில் தடி இருந்தது. நுனியில் கத்தியால் கீறிய இரண்டு அடையாளங்கள். ஒன்று முன்னுக்கு, மற்றது பின்னுக்கு. ரிம்மில் சோக்கால் புள்ளி வைத்து, காரை அரைச் சுற்று உருட்டி, அதே புள்ளியைப் பின்னால் அளப்பார். புள்ளி அதுவேயாக இருந்தால் ரிம்மின் நெளிவு கணக்கைக் குழப்பாது. இந்த ஒரு நுட்பத்தைப் பிறகு ரொறன்ரோவில் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கழற்றிய மூட்டின் அடிமூடியைத் திறந்து, தேய்ந்த கிண்ணத்துக்குக் கீழே பித்தளைத் தகடு வெட்டி வைத்து, ஆட்டம் போகும்வரை இறுக்கி மூடினார். றப்பர்த் தொப்பியின் வெடிப்புக்கு மேல் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு. செப்புக் கம்பியால் கட்டு. அது நிரந்தர வைத்தியம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் காலைச் சாப்பாட்டுக்கு முன் சாக்கை விரித்துப் படுத்து அதைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார். கூடவே முன் சில்லுகளைத் தாங்கும் கீழ் முளைகளின் மரைக்குக் கிறீஸ். மைனருக்கு அதுதான் உயிர்நிலை. கிறீஸ் காணாமல் அந்த மரை தேய்ந்தால் ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து கார் குந்திவிடும்.

ஸ்ரியறிங் வட்டைக் கழற்றியதும் இன்னொரு சமயம் நடந்தது. அதற்குப் பல்லர் தேவைப்படவில்லை. நடு நட்டைத் தளர்த்தி, ஆனால் எடுக்காமல், சீற்றில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் வட்டுக்குப் பின்னால் கொடுத்து, கையால் இடம் வலமாக ஆட்டி ஆட்டித் தன் பக்கம் இழுப்பார். அது படாரென்று விடும்போது நட்டுத் தடுத்துக்கொள்ளும். நட்டை முழுக்க எடுத்துவிட்டு இழுத்த ஒருவர் முன்பல்லை இழந்த கதையை ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

மூட்டுப் பூட்டிய அந்தக் கிழமையே ஒரு கூப்பாடு. நடுச்சாமம் தாண்டியிருக்கும். கேற்றடியில் அரிக்கன் லாம்பும் ஆட்களும். முதல் பிரசவம்; மருத்துவிச்சி ஏலாது என்று சொல்லிவிட்டா. பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பிடியை என்னிடம் தந்தார். சுற்றினேன். நானும் முன் சீற்றில் ஏறிக்கொண்டேன். லைற் இல்லாமல், வீதியோரப் பனைகளின் கறுப்புக்கும் வானத்துக்கும் நடுவில் வழியைப் பார்த்து ஓட்டினார். குண்டும் குழியுமான றோட்டில் ஒவ்வொரு குழிக்கும் வட்டைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மந்திகையில் விடியும் முன் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று வெளியே வந்து சொன்ன பிறகுதான் பெரியப்பா காரின் கீழே குனிந்து பார்த்தார்.

மருமகனிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். அவருக்கு மத்தியானம் வேலைக்குப் போக வேண்டும். புது மூட்டுப் பெட்டியோடு பக்கத்தில் தயாராக இருந்தது. பழையதைக் கிறைண்டரால் அறுத்து எறிந்தார். சரியான முடிவுதான், புதுசு கையில் இருக்கும்போது தேய்ந்ததைக் காப்பாற்ற ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியதில்லை, ஸ்ரியறிங் விஷயத்தில் பழையதை நம்பவும் கூடாது. ஆனால் அறுக்கும் முன் மரைச் சுற்றை எண்ணச் சொன்னேன். எண்ணினார்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. நாங்கள் தணலும் மெழுகும் கொண்டு ஒரு மூட்டோடு போராடிய அதே 90களில், அதே தீவின் தெற்கில், காலியில், ஒரு நிறுவனம் மொறிஸ் மைனருக்குப் புதுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா அதற்குள் போய்விட்டார். தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோபப்பட்டிருக்க மாட்டார். அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்.

கார் இப்போது கரவெட்டிப் பக்கத்தில் ஒருவரிடம் இருக்கிறது. கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். யாழ்ப்பாணம் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போனபோது விசாரித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பால் வெள்ளை அடித்து, சீற் உறையெல்லாம் புதிதாக்கி வைத்திருந்தார். கீழே குனிந்து பார்த்தேன். இடது பக்கம் புது மூட்டு. வலது பக்கம் பெரியப்பா காலத்துப் பழையது.

"கொழும்பிலை இருந்து ரெண்டும்தான் எடுப்பிச்சனான் அண்ணை" என்றார் அவர். "இதைக் கழட்ட ஏலாமக் கிடக்கு. கராஜ்காரர் அறுக்க வேணுமெண்டினம். அறுத்தா அந்தக் கையும் வெட்டுப்படுமோ எண்டு பயமாக் கிடக்கு. அந்தக் கை எங்கையும் எடுக்க ஏலாது."

நட்டைத் தொட்டுப் பார்த்தேன். மரை நல்லாக இருந்தது.

"அறுக்க வேண்டாம். இண்டைக்கு இரவு எண்ணெய் விட்டு வையுங்கோ. பல்லர் இருக்கோ?"

"இருக்கு."

"ரெண்டு சுத்தியலும் எடுத்து வையுங்கோ. ஒண்டு பாரமானதாப் பார்த்து எடுங்கோ. நாளைக்கு வெயில் ஏற முதல் வாறன்."

"கலியாணம் ஒண்டு வெள்ளிக்கிழமை இருக்கண்ணை. அதுக்குள்ளை முடியுமோ?"

"முடியும்" என்றேன்.